குளிர்ந்த எஞ்சின்

நான் வரும்வரை
ஸ்டார்ட் செய்யாதே என்று
போனிலேயே சொல்லியிருந்தேன்.
சூடாய் இருக்கையில் எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான்.
ராத்திரி முழுக்க விறைத்துக் கிடந்தது
எப்படி எழுகிறது என்பதில் இருக்கிறது
பாதி விலை.

லாப்ரடார் கரை. மார்ச்.
சுழியத்துக்குக் கீழே இருபத்தாறு.
ஹுல்டா லயாலின் கொட்டகைக்குப் பின்னால்
தார்ப்பாய்மேல் ஒரு சாண் பனி.
விலக்கி, கையுறை கழற்றி
மூடியின்மேல் உள்ளங்கை வைத்தேன்.
சுட்டது, குளிர்.
சொன்ன சொல் காத்திருக்கிறாள்.

தொண்ணூற்றெட்டாம் வருடத்து ஸ்னோமொபைல்.
கேட்கும் விலை ஆயிரத்தெண்ணூறு டாலர்.
கிலோமீட்டர் முள்
ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் நிற்கிறது.
எந்த வருடம் நின்றது என்று
அது சொல்லாது.

மாட்டுக்குப் பல். இதற்கு ட்ராக்.
வண்டியை மல்லாத்த முடியாது,
நான்தான் மல்லாந்தேன்.
ரப்பர் பற்களை விரலால் எண்ணிப் போனால்
பதினொன்றும் பன்னிரண்டும் இல்லை,
அதற்கப்புறம் ஒரு கிழிசல்.
நூறு கழித்தேன்.
ஸ்கீக்கு அடிக்கம்பி தேய்ந்து தகடாகிவிட்டது, அறுபது.
சீட்டைத் தட்டினால்
கதவைத் தட்டிய சத்தம்.
பஞ்சு குடித்த ஈரமெல்லாம் உள்ளே பனிக்கட்டி.
சரி, நாற்பது.

பிளக்கைக் கழற்றி
மைத்துனனிடம் இரவல் வாங்கிய அழுத்தமானியைச் செருகி
கயிற்றை இழுத்தேன்.
இடது சிலிண்டர் நூற்றுப் பதினெட்டு.
வலது நூற்றுப் பத்து.
இரண்டு காலும் ஒரே நீளமாய் யாருக்கு இருக்கிறது?
இருந்தாலும் முகத்தைச் சுளித்துவைத்தேன்.
பேரத்தில் முகத்துக்கும் நூற்றைம்பது உண்டு.

ஹுல்டா தேநீர்க் குவளையோடு வாசலில் நின்றாள்.
"முடிஞ்சுதா, ஜெருஷா?"
முடிந்தது என்றேன்.
"பின்னச்சு பேரிங்கை நீ ஆட்டிப் பார்க்கவே இல்லையே."

பிறகு அவளே சொல்லிக்கொண்டு போனாள்.
சங்கிலிப் பெட்டியில் எண்ணெய் கசியும்.
போன டிசம்பரில் கடல்பனி உடைந்து
மூக்குவரை உள்ளே போனது,
கழுவினோம், ஆனாலும் உப்பு உப்புதான்.
வலது பக்கம் திரும்பினால் விளக்கு அணையும்,
இடப்பக்கம் ஒரு குத்து விடு, எரியும்.
"குளிரில் மூணாவது இழுப்பில்தான் எழும்.
முதல் ரெண்டுக்கும் திட்டாதே."

என் கணக்கு அங்கேதான் குழம்பியது.
ஒளித்துவைத்ததைக் கண்டுபிடிக்க வந்தவள் நான்.
எல்லாமே வெளியே கிடந்தால்
எதைக் கண்டுபிடிப்பது?
அவள் சொன்னதையெல்லாம் கழித்தால் ஆயிரத்து நூறு.
சொன்னதற்காகக் கூட்டினால்?

விறகு இழுத்துத்தர ஆள்கூலி நடைக்கு எண்பது,
என் அடுப்புக்குக் குளிர்காலத்தில் பதினாறு நடை.
புதுவண்டி பதினாறாயிரம்.
அந்தக் கடைக்காரன் கசிவைப் பற்றிப் பேசமாட்டான்,
கசிவே இருக்காது.
அடிமாட்டு விலை கேட்க நாக்கு எழவில்லை.
ஆனை விலை கொடுக்கத்
தபாலாபீஸ் சம்பளம் எழவில்லை.

"எதற்காக விற்கிறாய்?"
வாங்குகிறவர் கடைசியாய்க் கேட்கும் கேள்வி.
"முதுகு" என்றாள்.
அதற்கு நான் ஒன்றும் கழிக்கவில்லை.

ஆயிரத்து முந்நூறு என்றேன்.
நானூற்றைம்பது என்றாள்.
நானூறு, பழைய பெல்ட்டையும் சேர்த்து.
"அது சீட்டுக்கடியில் ஏற்கெனவே இருக்கு."
நோட்டுகளை எண்ணுவதற்கு
இருவரும் உள்ளே போனோம்,
வெளியே விரல்கள் ஒத்துழைக்காது.

மறுநாள் இருட்டோடு இருட்டாக
என் வாசலில் நின்று கயிற்றை இழுத்தேன்.
ஒன்று. இரண்டு. திட்டவில்லை.
மூன்றாவதில் ஒரு இருமல்.
நான்காவதில்தான் எழுந்தது,
நீலப் புகையோடு.

ஒரு இழுப்புக்கு எவ்வளவு கழித்திருக்கலாம் என்று
கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்
விறகுக்காட்டுப் பாதை பிரியும் இடம்வரை.
அங்கே வலது பக்கம் திரும்பவேண்டும்.
விளக்கு அணைந்தது.
இடப்பக்கம் ஒரு குத்து விட்டேன்.